லீயும் தாமஸும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெற்கின் படைத்தளபதி ராபர்ட் லீ அடிமை முறையை வெறுத்தவர், சொந்த மண்ணான வர்ஜீனியாவுக்கு எதிராக வாளெடுக்க மனமில்லாமல்தான் பிரிந்துபோன தென்மாநிலங்களின் பக்கம் போனார் என்கிறார்கள். ஒருவரை அவர் காலத்தை வைத்துத்தானே மதிப்பிட வேண்டும்? படை நடத்துவதில் லீ பெரியவரா, வடக்கின் தளபதி கிராண்டா?

ர.

அன்புள்ள ர.,

லீயா கிராண்டா என்பதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். லீ அடிமை முறையை வெறுத்தார் என்பதற்கு 1856ஆம் ஆண்டுக் கடிதத்தைக் காட்டுவார்கள். அதை முழுக்கப் படியுங்கள். கறுப்பர்களுக்கு இந்தக் கொடுமை தேவையான பயிற்சி என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்.

காலத்தை வைத்து மதிப்பிடச் சொல்கிறீர்கள். நல்லது. அதே காலம், அதே வர்ஜீனியா, அதே வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளி. ஜார்ஜ் ஹென்றி தாமஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொஞ்ச நாளாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

1816இல் வர்ஜீனியாவின் சவுத்தாம்ப்டனில், அடிமைகளை வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது குடும்பத்தோடு தப்பி ஓடிய சிறுவன். தெற்கே போக லீயைவிட அவருக்குத்தான் காரணம் அதிகம். போகவில்லை. அமெரிக்க ராணுவத்தில் எடுத்த உறுதிமொழியில் நின்று வடக்கின் பக்கம் போரிட்டார். சகோதரிகள் அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்பார்கள். 1870இல் இறந்தபோது மனைவியின் ஊரான டிராயில் அடக்கம். பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

உத்தமர் என்று சொல்லவில்லை. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் மாறினார். 1864 டிசம்பரில் நாஷ்வில்லில் அவர் படையில் கறுப்பின வீரர்கள் குன்றேறிச் சண்டையிட்டு நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். சட்டனூகாவில் இறந்த வீரர்களை மாநிலவாரியாகப் புதைக்கலாமா என்று கேட்டபோது, "கலந்தே புதையுங்கள், மாநில உரிமைப் பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது" என்றாராம். மாநில உரிமை என்பதுதான் பிரிந்துபோன தெற்கின் கோஷம். இந்த ஒன்றைச் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் தீராத பிரியம்.

'காலம் அப்படி' என்று இனி எனக்கு எழுதாதீர்கள், ர. காலம் இருவருக்கும் ஒன்றுதான். அடிமைப்பட்டுக் கிடந்த லட்சக்கணக்கானவர்களும் அதே காலத்தில்தான் வாழ்ந்தார்கள். அவர்களைக் கேட்டா 'காலம் அப்படி' என்கிறோம்?

தோற்றவர்கள் தங்கள் துரோகத்துக்குத் தேசபக்தி என்று பூச்சுப் பூசுகிறார்கள் என 1868 அறிக்கையிலேயே தாமஸ் எச்சரித்தார். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தப் பூச்சைத்தான். கடிந்துகொண்டேன் என்று வருந்தாதீர்கள். கேள்வி கேட்டு எழுதுகிற பிள்ளைகள்மேல்தான் எனக்கு இத்தனை உரிமை. தாமஸைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.