கடல் முள்ளெலி முட்டையும் ஹார்மோனும்: வாசகர் கேள்வி-பதில்

கே: கடல் முள்ளெலி முட்டையும் விந்தும் வெளியிட ஊசி போடும் பொட்டாசியம் குளோரைடு எவ்வளவு? (தேவகோட்டை)

100 மி.லி. தண்ணீரில் 3.7 கிராம், அதாவது 0.5 மோலார். வாயைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு வழியாக 1 மி.லி. போதும். விந்தைத் தண்ணீர் படாமல் எடுத்துப் பனிக்கட்டி மேல் வையுங்கள்.

கே: 1-மெத்தில் அடினைன் விட்டும் முட்டை முதிரவில்லையே?

அது நட்சத்திர மீனின் ஹார்மோன். முள்ளெலி முட்டை குன்றல் பிரிவை முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். எந்த உயிரி என்று பார்த்துவிட்டு மருந்து வாங்கக் கூடாதா?

கே: ஈஸ்ட்ராடையால் (பெண் ஹார்மோன்) கொடுத்தால் கருவுற்ற முட்டையின் முதல் பிளவு நின்றுவிடுகிறது. ஹார்மோன் தடுக்கிறது என்று எழுதலாமா? (முதுநிலை மாணவி, காரைக்குடி)

ஹார்மோனைக் கரைத்த எத்தனாலை (ஆல்கஹாலை) மட்டும் விட்ட கிண்ணம் எங்கே அம்மா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்துக் கடிதம் வந்தால் எட்டில் இதே குறைதான். 10 மி.லி.யில் அரை மி.லி. ஸ்டாக் (எத்தனாலில் கரைத்த செறிவான ஹார்மோன்) விட்டிருக்கிறீர்கள், 5 சதவீத ஆல்கஹாலில் எந்த முட்டை ஒழுங்காகப் பிளக்கும்?

2.7 மி.கி. ஈஸ்ட்ராடையாலை 1 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டர், 10 மி.லி. கடல்நீருக்கு. ஹார்மோன் 10 மைக்ரோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். அளவைக் குறைக்க வேண்டுமானால் ஸ்டாக்கை எத்தனாலிலேயே நீர்க்கச் செய்யுங்கள். எல்லாக் கிண்ணத்துக்கும் அதே 10 மைக்ரோலிட்டர்தான். வெறும் கடல்நீர், எத்தனால், ஹார்மோன் என்று மூன்று கிண்ணம் இல்லாமல் உட்காராதீர்கள். கண்ணாடிக் கிண்ணமே நல்லது. ஸ்டீராய்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மேல் அளவைக் கூட்டினால் ஹார்மோன் கரையாது, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகப் படிகம் தெரியும். கரைந்த வரையிலும், அதிக அளவு, செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலின் நுண்குழல்களை நேரடியாகக் கெடுக்கக்கூடும். அது ஏற்பி வழியான ஹார்மோன் வேலை ஆகாது. ஏற்பியில் பலவீனமாகவே ஒட்டும் 17-ஆல்ஃபா ஈஸ்ட்ராடையால் வடிவத்தையும் அதே அளவில் போட்டுப் பாருங்கள். அதுவும் பிளவை நிறுத்தினால் ‘ஹார்மோன் தடுக்கிறது’ என்ற வரியை அடித்துவிடுங்கள்.

கே: அட்ரினலின் கரைசல் இளஞ்சிவப்பானது ஏன்?

ஆக்சிஜனேற்றம். கடல்நீரின் pH 8-ஐ ஒட்டியது, அதில் தாங்காது. அவ்வப்போது கரையுங்கள், வெளிச்சம் படாமல் வையுங்கள். நிறம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

கே: செரட்டோனின் விட்டதும் ஒரே தடவையில் நான்கு செல்லாகப் பிளந்தது!

கன்ட்ரோலிலும் (செரட்டோனின் விடாத கிண்ணத்திலும்) அப்படித்தானா? விந்து அதிகமாகி, ஒரு முட்டைக்குள் இரண்டு நுழைந்திருக்கும். ஒரு சொட்டு விந்தை 10 மி.லி.யில் கலக்கி, அதில் இரண்டு சொட்டு மட்டும் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கருவுறுதல் சவ்வு எழ வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்தத் தொகுதியே வேண்டாம்.

கே: தொண்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது சிரமம். போர் தண்ணீரில் உப்புப் போடலாமா?

கூடாது. கால்சியம், மக்னீசியம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த கடல்நீரையும் உப்பளவு பார்க்காமல் தொடாதீர்கள்.