போன்கடைப் பொடியன்

அன்புள்ள ஐயா,

எங்களோடு படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குறூப் வைத்திருக்கிறோம். 140 பேரளவில் இருக்கிறோம். நான்தான் அட்மின். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் தோழி ஒருத்தி போன மாதம் அதில் ஒரு வொய்ஸ் போட்டாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி வேண்டும், எங்கே எடுப்பது என்று கேட்டிருந்தாள். நடுவில் அழுதும்விட்டாள். அவள் பேச்சு கொஞ்சம் பழைய படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) பேச்சு. யாரோ அதை வேறு குறூப்களுக்கு அனுப்ப, சிரிக்கும் ஸ்டிக்கர்களோடு அது ஊர் முழுக்கச் சுற்றியது. அவள் குறூப்பை விட்டுப் போய்விட்டாள். செய்தவர்களை நீக்கவா? அல்லது அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடவா? தொழில்நுட்பம் எங்கள் சனத்தின் இரக்கத்தைத் தின்றுவிட்டது என்றே நினைக்கிறேன். அந்த வொய்ஸை இணைத்திருக்கிறேன், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள க.,

வொய்ஸை நான் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.

கோபிக்காதீர்கள் தங்கச்சி, கடிதத்தை வாசித்துவரும்போது உங்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டுதான் வந்தது. கடைசி வரியில் வந்து விழுந்தது. ஊரெல்லாம் கேட்டுச் சிரித்த ஒரு அழுகையை, முகம் தெரியாத இன்னொரு ஆளுக்கு நீங்களும் அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான், தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அப்புறம் அந்தப் ‘பழைய பேச்சு’. சிரித்தவர்களுக்கு நீங்களே ஒரு நியாயம் எடுத்துக் கொடுப்பதுபோல் இருக்கிறது. ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்று சொல்லாத அம்மம்மா நம்மில் யாருக்கு இருந்தார்?

தொழில்நுட்பம் இரக்கத்தைத் தின்ற கதையை விடுங்கள். வட்ஸ்அப் இல்லாத காலத்தில் இதே வேலையை நான் செய்திருக்கிறேன். சில நாட்களாக அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து சரியாக அதே இடத்தில் கை வைத்தது.

2003, போர்நிறுத்தம் இருந்த சமாதான காலம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான், உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கொமினிகேசனில், காசு கொடுத்துப் போன் பேசும் கடையில், வேலைக்கு நின்றேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கடைகளைத் தெரியாது. பலகையடித்த சின்னக் கூடு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எழுத்தில் காசு ஓடும் மீட்டர். வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் இன்ன நாள் இன்ன நேரம் என்று எழுதிவைத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வரவேண்டும். அதுதான் என் வேலை. படுவான்கரையில் அப்போது போன் இல்லை. நான் சைக்கிளில் குருமண்வெளித் துறைக்குப் போய், பாதையில் ஏறும் யாராவது தெரிந்தவரிடம் சொல்லி அனுப்புவேன். (வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் இங்கே ஆற்றைக் கடக்கும் மிதவை.) சொல் அக்கரைக்குப் போகும். சனிக்கிழமை நாலு மணிக்கு வரும் கோலுக்கு அக்கரை அம்மா ஒருவர் ஒன்றரை மணிக்கே வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பா.

எங்கள் முதலாளியிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டுக்குள் யாராவது குரல் உடைந்து பேசத் தொடங்கினால், எழுந்துபோய் றேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். வரிசையில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். அவர் பாட்டில் மூழ்கியதுபோல் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். மனுசனுக்குப் பாட்டுப் பைத்தியம் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

அந்த அம்மாவின் மகளும் குவைத்தில்தான் இருந்தாள். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுவா. குவைத் தூரம் என்பதால் கத்திப் பேசுவா. ஒரு சனிக்கிழமை முதலாளி கடையில் இல்லை. அம்மா கத்தினா: “பொறுத்திரு கிளி, ஏஜென்சிக் காசு இன்னும் கட்டி முடியல்ல.” மகள் அந்தப் பக்கத்தில் என்ன சொன்னாளோ, அம்மா அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. றேடியோ என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கூட்டவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அதை நடித்துக் காட்டினேன். ரிசீவர் பிடிக்கும் விதம், அந்தக் கத்தல், ‘கிளி’ எல்லாம். எனக்கு நன்றாக நடிக்க வரும். ஐந்து பேர் இருந்தார்கள், வயிறு நோகச் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் மறுநாள் பாதையேறி அக்கரையிலுள்ள மண்டூருக்குப் போகிறவன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வரவில்லை. சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. “அம்மா வரல்ல அக்கா” என்றேன். “ஏன் தம்பி, சுகமில்லையா?” “தெரியாது அக்கா.” அதற்கடுத்த சனியும் அதே கேள்வி, அதே பதில். பிறகு அந்த நம்பரிலிருந்து கோல் வரவில்லை. முதலாளி என்னை ஏசவில்லை. “நீ போட்டோகொப்பி மெசினைப் பார், போனுக்கு வேணாம்” என்றார். அவ்வளவுதான். அந்த மெசினின் பச்சை வெளிச்சம் கண்ணில் அடித்தபடியே மீதி நாலு மாதமும் போனது.

சிரிப்பதில் அரைவாசிக் குற்றம்தான் தங்கச்சி. ஒரு கூட்டுக்குள் பேசியதைத் தூக்கி வெளியே வைப்பது வேறு வேலை. 2018 இல் அம்பாறையில் நடந்தது நினைவிருக்கும். சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லி ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையைக் கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் பயத்தில் ஆமென்று தலையாட்டினார். அதைப் படமெடுத்து அனுப்பினார்கள். பள்ளிவாசலும் கடைகளும் அடிபட்டன. அது வெறும் மாதான் என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மார்ச்சில், கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் மறித்தே வைத்தது. 2019 இல் வட்ஸ்அப் நிறுவனம், வந்த ஒன்றை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. எனக்கு அதை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணிக் கடையிலும் ஐந்து பேர்தான்.

உங்கள் கேள்வியை மறந்தேவிட்டேன். நீக்குவதென்றால் நீக்குங்கள், மறுநாளே வேறு குறூப் திறப்பார்கள். பூட்டுவது வேண்டாம், இனி எதையாவது கேட்கவரும் இன்னொருத்தியைத்தான் அது மறிக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது ஒன்று உறைத்தது. 140 பேரில் யாராவது அவள் கேட்டதற்குப் பதில் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எல்லாம் கேட்பார்கள். அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், கோல் எடுங்கள். குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வீட்டு வேலைக்காரிக்கு ஓய்வு கிடைக்க அங்கே பத்து, பதினொன்றாகும். இங்கே சாமம் கடந்திருக்கும். ஒருநாள் முழித்திருங்கள்.