பழைய ஜீப்பில் வீட்டிலேயே வேறு எஞ்சின் பொருத்த முடியுமா?

கேள்வி இதுதான்: தாத்தா ஓட்டிய பெட்ரோல் ஜீப் பல ஆண்டுகளாகத் தோட்டத்தில் நிற்கிறது, எஞ்சின் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) விரிசல். வீட்டில் வைத்தே டீசல் எஞ்சின் பொருத்தி, வண்டி முழுவதையும் சீரமைக்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் செய்திருக்கிறேன். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக்கொட்டகையில், 2012 தைப் பொங்கல் கழிந்து தொடங்கி 2014 சித்திரையில் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. வண்டி, அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன மஹிந்திரா சி.ஜே.3பி. உங்கள் வண்டியும் பெட்ரோல் என்றால் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த வண்டியின் பானெட் ஏன் இவ்வளவு உயரம் என்று யோசித்திருக்கிறீர்களா? 1953இல், மஹிந்திராவுக்கு இந்த வடிவமைப்பைத் தந்த அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் இதில் புதிய 2.2 லிட்டர் ஹரிகேன் எஞ்சினை வைத்தது. அதற்கு முந்தைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. ஹரிகேனில் காற்று உள்ளே வரும் வால்வுகள் பிளாக்கை மூடும் ஹெட்டுக்கு மேலே போயின, புகை வெளியேறும் வால்வுகள் பிளாக்கிலேயே தங்கின. எஞ்சின் உயரமானதால் பானெட்டையும் உயர்த்தினார்கள். அன்று பலரும் அழகில்லை என்று சொன்ன அந்த உயரம்தான் இன்று நமக்கு உதவுகிறது. பானெட்டை வெட்டாமல் டீசல் எஞ்சின் உள்ளே உட்காரும். மஹிந்திராவே இதே உடலில் டீசல் எஞ்சின் வைத்துப் பல ஆண்டுகள் விற்றது. ஆகவே நீங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை செய்ததைத் திரும்பச் செய்தால் போதும்.

நான் தேர்ந்தெடுத்தது மஹிந்திராவின் 2523 சிசி நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல். எங்கள் பக்கத்தில் இதைச் சுருக்கமாக டி.ஐ. எஞ்சின் என்றால் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். பிரான்சின் பியூஜோ நிறுவனத்தின் வழியில் வந்த 2112 சிசி எஞ்சினும் கிடைக்கும். அது மென்மையாக ஓடும், ஆனால் அதன் பாகங்களுக்கு நான் அலைய விரும்பவில்லை. டி.ஐ. எஞ்சின் அதிரும், சத்தம் போடும், ஆனாலும் தாழ்ந்த சுழற்சியிலேயே சுமையை இழுக்கும். மலைக்கு அதுதான் வேண்டும்.

எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். உடைக்கப் போகும் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்து, எஞ்சின், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறை), கிளட்ச், கியர்பாக்ஸ் நான்கையும் ஒரே ஜோடியாக இறக்குங்கள். கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தனித்தனியாக எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாததைப் பொருத்த லேத் பட்டறைக்குப் போகத் தொடங்கினால் அந்தச் செலவுக்கு முடிவே கிடையாது. வாங்கும் முன் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டுத் தள்ளுகிறதா? பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன. பிறகு ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, நீங்கள் முன்பக்கம் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி, எங்கிருந்து தொடங்குவது என்பது. எல்லோரும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதியில் நின்றுபோன வண்டிகளை எங்கள் ஊரிலேயே சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எஞ்சின் ஏறியிருக்கும். பிரேக் இருக்காது.

சேஸிஸை, அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தை, கழுவி, சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துரு தின்ற இடம் தொப்பென்று சொல்லும். என் வண்டியில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் அருகே ஒரு சாண் நீளம் அப்படிச் சொன்னது. மேலே பெயிண்ட் முழுதாக இருந்ததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தட்டியிராவிட்டால் புது எஞ்சினின் இழுவையில் அது மலைப்பாதையில் பிய்ந்திருக்கும். ஒன்று கவனம்: துருவைத் தேய்க்கும்போது சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரை வைக்கவே கூடாது. அந்த எண் அழிந்தால் வண்டிக்கு அடையாளமே இல்லை.

அடுத்தது பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் சிறிய 9 அங்குல டிரம், மிதித்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே வழி. ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போய்விடும். டீசல் எஞ்சினால் முன்பக்கம் எடையும் கூடுகிறது. நான் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை வழியாக மாற்றி, பெரிய டிரம் உள்ள பிற்கால அச்சுகளின் பிரேக்கை முழுமையாகப் பொருத்தினேன். மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் வைக்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது இயங்க வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) வேண்டும், பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் மேனிஃபோல்டில் கிடைக்கும் அது டீசலில் கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப் இருக்கும் எஞ்சினாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கைப்பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் நான் உயிர் பிழைத்தேன். இந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது, அது பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். ஷாஃப்ட் நின்றாலும், இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறாகச் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்யும் அல்லவா? தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருந்த சக்கரம் எதிர்ப்பக்கம் உருண்டது. வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிக் கொட்டகைச் சுவரில் முட்டி நின்றது. அரை நிமிடம் முன்பு என் கால்கள் அதன் அடியில் இருந்தன. அன்றிலிருந்து இரண்டு முன் சக்கரங்களுக்கும் கருங்கல் முட்டு கொடுக்காமல் நான் ஜாக்கியைத் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

சேஸிஸ், அச்சு, பிரேக், ஸ்டியரிங் நான்கும் முடிந்த பிறகு எஞ்சின். இங்கேயும் பின்னாலிருந்து முன்னால். டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய வண்டியில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். அது ஓர் அங்குலம் நகர்ந்தால் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டின் நீளமும் கோணமும் மாறும், ஷாஃப்ட் முனைகளில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸ் அடிக்கடி தேய்ந்து போகும். அதை நிலையாக வைத்து, அதற்கு முன்னால் கியர்பாக்ஸ், அதற்கு முன்னால் எஞ்சின் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். மிச்சம் மீதி எல்லாம் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடையில் வந்து சேரும். எனக்கு ஃபேன் ரேடியேட்டரைத் தொட்டது. ரேடியேட்டரின் கால்களை மாற்றி ஒன்றரை அங்குலம் முன்னால் தள்ளினேன், சரியாகிவிட்டது. ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு மாலை நேர வேலை.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்குகிறது, கியர்பாக்ஸைக் கட்டையில் ஏற்றி முன்னால் தள்ளுகிறோம். கடைசி அரை அங்குலம் போக மறுத்தது. பெல் ஹவுசிங் போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மூன்றாவது முறுக்கில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஹவுசிங்கின் காது ஒன்று விரிசல் விட்டுவிட்டது. உதவிக்கு வந்த மேஸ்திரி சத்தம் கேட்டதுமே ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “தம்பி, போல்ட் பிடித்து வைப்பதற்குத்தான், இழுப்பதற்கு இல்லை. உள்ளே கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அது சொல்கிறது.” அவர் சொன்னது உண்மை. பழைய கியர்பாக்ஸ் ஒன்றின் இன்புட் ஷாஃப்ட்டைப் பிளேட்டின் துளை வழியாக விட்டு, ஃப்ளைவீல் நடுவே இருக்கும் பைலட் பேரிங்கில் நிறுத்தி, அதன் பிறகே பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வேறொரு ஹவுசிங் தேடிப் பிடிக்க ஐந்து ஞாயிறு ஆயிற்று. இரண்டாவது முறை கியர்பாக்ஸ் இரண்டு விரல்களால் தள்ளும் அளவுக்கு வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

முதல் ஸ்டார்ட். டீசல் ஃபில்டரின் மேலிருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு கண்ணாடி போல டீசல். ஸ்குரூவை இறுக்கிவிட்டு, சிலிண்டரில் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளையும் தளர்த்தி இதையே ஸ்டார்ட்டரால் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்பே ஒருவர் கையில் அகலமான பலகை இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடத் தொடங்கினால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைப்பதே நம்பகமான வழி. எங்கள் வீட்டில் பலகையைப் பிடித்து நின்றவர் அப்பா. எஞ்சின் ஒழுங்காகப் பிடித்து ஓடிய பிறகும் அவர் அந்தப் பலகையைக் கீழே வைக்கவில்லை. தன் வண்டியின் சத்தம் மாறிவிட்டதைக் கேட்டுக்கொண்டு கண் கலங்கி நின்றார்.

வேகம் பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் அச்சு விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்றும். 16 அங்குல ரிம்மில் போடும் பழைய அளவு டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.25 மீட்டர் ஓடும். டாப் கியர் நேரடி, அதாவது எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 75 கிலோமீட்டர் போகும், பெட்ரோல் எஞ்சினைப் போல அதற்கு மேல் டீசலை விரட்டக் கூடாது. 2400 சுற்றில், காதுக்கு இதமாக, 60. நெடுஞ்சாலைக்காகக் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் விகிதத்தை மாற்றலாம், ஆனால் முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இழுவையைப் போட்டால் உள்ளே ஏதாவது உடையும். நான் 5.38ஐ அப்படியே விட்டுவிட்டேன். டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் கியர் 2.46 மடங்கு. அதோடு முதல் கியரும் சேர்ந்தால் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கும் கீழே இறங்கி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் தோட்டத்துப் பாறைப்பாதையில் ஏறுகிறது. அந்த அனுபவத்துக்காகவே இதைச் செய்யலாம் என்பேன்.

காகித வேலை கடைசியில் இல்லை, முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே எஞ்சினை வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். நான் செய்த காலத்தை வைத்து இன்றும் டீசலுக்கு அனுமதி கிடைக்கும் என்று எண்ணிப் பணத்தைப் போடாதீர்கள். கிடைக்கவில்லை என்றால் அதே வகைப் பெட்ரோல் எஞ்சினைத் தேடிச் சீரமைப்பதே சரியான வழி. மேலே சொன்னதில் முக்கால் பங்கு அதற்கும் பொருந்தும். எந்த எஞ்சினானாலும் ரசீதும், அது வந்த வண்டியின் ஆவணமும் இல்லாமல் வாங்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் புதிய எஞ்சின் எண் ஏறாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

செலவைக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் ஜோடிக்கு எவ்வளவு கொடுத்தேனோ அதைப் போல ஒன்றரை மடங்கு மற்றவற்றுக்கு ஆயிற்று. அதில் பெரும்பகுதி பிரேக்குக்கும் அச்சுகளுக்கும் போனது.

உங்கள் வண்டி எந்த ஆண்டு மாடல், கியர் மூன்றா நான்கா, பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற மூன்றையும் கருத்தில் எழுதுங்கள். சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கெங்கே தொப்பென்று ஒலித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், எதை முதலில் இறக்குவது என்று சொல்கிறேன்.