ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருளாமே, அது சரியா?

பெயரின் பொருள் அதுதான். ஆனால் பெயர் சொல்லும் வேதியியல் தவறு.

கிரேக்கத்தில் ‘ஒக்சுஸ்’ என்றால் கூர்மையானது. நாக்கில் சுள்ளென்று ஏறும் புளிப்புக்கும் அதே சொல்தான். வினிகருக்கு ‘ஒக்சோஸ்’ என்று பெயர். ‘ஜென்’ என்பது பிறப்பைக் குறிக்கும் வேர். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1787-ல் அவரும் மூன்று சகாக்களும் வெளியிட்ட வேதிப் பெயரிடல் நூலில் அது நிலைபெற்றது. அதற்கு முன்பே, 1774-ல் ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லி பாதரச ஆக்சைடைச் சூடாக்கி இந்த வாயுவைப் பிரித்திருந்தார்; அவர் வைத்த பெயர் வேறு.

லவாய்சியர் ஏன் அப்படி நினைத்தார் என்பது ஆய்வகத்தில் செய்து பார்த்தால் விளங்கிவிடும். நீண்ட காம்புள்ள இரும்புக் கரண்டியில் மிளகளவு கந்தகத்தைப் பற்றவைத்து, ஆக்சிஜன் நிரம்பிய ஜாடிக்குள் இறக்குங்கள். காற்றில் மங்கலாக எரிந்த நீலச் சுடர் பளீரென்று எரியும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கி, நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவப்பாகும். (வரும் புகை கந்தக டைஆக்சைடு, தொண்டையை அறுக்கும், காற்றோட்டமும் ஆசிரியரும் இல்லாமல் செய்யாதீர்கள்.) பாஸ்பரசும் கரியும் எரிந்தாலும் அமிலம்தான் கிடைக்கிறது. இவற்றை வைத்து, எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று அவர் முடிவு கட்டினார்.

இதையே மக்னீசியம் நாடாவை எரித்துச் செய்தால் கதை தலைகீழ். வெள்ளைச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கிச் சிவப்பு லிட்மஸை வைத்தால் மெல்ல நீலமாகும். அதாவது காரம். அலோக ஆக்சைடுகள் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை, உலோக ஆக்சைடுகள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. ஆக்சிஜன் இரண்டிலும் இருக்கிறது.

லவாய்சியரின் கொள்கையைக் கவிழ்த்தவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. 1807-ல் பொட்டாஷ் என்ற காரத்திலிருந்து பொட்டாசியத்தைப் பிரித்து, காரத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று காட்டினார். 1810-ல் குளோரின் ஒரு தனிமம் என்று அறிவித்தார். அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பது ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே. ஆக்சிஜன் துளியும் இல்லை. நீரில் அமிலத்தன்மையைத் தருவது ஹைட்ரஜன் அயனி என்பது பிற்பாடு தெளிவானது. என்னைக் கேட்டால் இந்தப் பெயர் ஹைட்ரஜனுக்குத்தான் பொருந்தியிருக்கும். ஆனால் அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் அது ‘புளிப்புப் பொருள்’தான்.

இலக்கணத்திலும் ஒரு நெருடல் உண்டு. கிரேக்கத்தில் ‘ஜெனெஸ்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ‘இதில் பிறந்த’ என்று பொருள்படும். டயோஜெனெஸ் என்ற ஆள்பெயருக்கு, கிரேக்கக் கடவுள் சியூஸுக்குப் பிறந்தவன் என்று பொருள். அந்தக் கணக்கில் ஆக்சிஜன் ‘அமிலத்தில் பிறந்தது’ ஆகிவிடும். ‘உண்டாக்குவது’ என்ற பொருள் லவாய்சியர் தந்தது; ஹைட்ரஜன் (நீரை உண்டாக்குவது), ஹாலஜன் (உப்பை உண்டாக்குவது) எல்லாம் அதே வழியில் வந்தவை. இவ்விரண்டும் பெயருக்கேற்ற வேலையைச் செய்கின்றன.

தேர்வில் பெயர்ப்பொருளைக் கேட்டால் ‘அமிலம் உண்டாக்கி’ என்றே எழுதுங்கள். அமிலத்துக்கு வரையறை கேட்டால் அங்கே ஆக்சிஜனைக் கொண்டுவராதீர்கள்.