எண்ணூர்க் காற்றில் வண்டியின் பெயின்ட்டைக் காப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: தினமும் காலையில் கறுப்பு நிறக் காரின் மேல் படியும் சாம்பலைத் துணியால் தட்டித் துடைக்கிறேன். ஆனாலும் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோலக் கீறல்கள் தெரிகின்றனவே, ஐயா? (அத்திப்பட்டு)

பதில்: துடைப்பதால்தான் அவை வருகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலில் இருப்பவை பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த, கண்ணாடி போன்ற நுண்துகள்கள். பெயின்ட்டைக் காக்கும் மேற்பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும் என்பதால், உலர்ந்த துணியால் அந்தச் சாம்பலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகிறது. முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைத் தானாக வழிந்தோட விடுங்கள். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர் என வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு பகுதிக்கும் பின் வெறும் தண்ணீரில் அலசி, வட்டமாக அல்லாமல் நேர்கோட்டில் கழுவுங்கள். தினமும் கழுவ இயலாவிட்டால் சாம்பலை அப்படியே விட்டுவைப்பது, துடைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறேன். பைக்கின் ஸ்போக்குகளும் மட்கார்டின் அடிப்புறமும் துருப்பிடிக்கின்றன.

பதில்: கடற்காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் இரவெல்லாம் இரும்பு நனைந்தே கிடக்கிறது. கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. அதில் கழுவி அப்படியே காயவிட்டால் பலனில்லை. கடைசி அலசலுக்காவது இரண்டு குடம் மெட்ரோ தண்ணீரை ஒதுக்கி, மட்கார்டின் உட்புறத்தையும் அலசி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். ஸ்போக்குகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். பிரேக்கிலும் டயரிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பெயின்ட்டின் மேலுள்ள வேக்ஸ் (மெழுகு) பூச்சையும் சேர்த்து அகற்றிவிடும்.

கேள்வி: மணலியில் வெள்ளைக் கார் வைத்திருக்கிறேன். பெயின்ட்டில் செம்புள்ளிகளும் அலாய் வீலில் பழுப்புக் கறையும் உள்ளன. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள், அலாய் வீலில் உள்ள அலுமினியத்தை ஆசிட் அரித்துவிடும். புள்ளிகள், காற்றில் வந்து ஒட்டித் துருவேறிய இரும்புத் துகள்களாக இருக்கலாம். வீலில் இருப்பது பிரேக் தூசி. இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. வீல் நன்றாக ஆறிய பிறகு நிழலில் தெளித்தால், சில நிமிடங்களில் அது ஊதா நிறமாக மாறி வழியும். காய்வதற்குள் அலசிவிட வேண்டும். வீலுக்கான துணியைப் பெயின்ட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயின் கறை கதவின் அடியில் இன்னும் போகவில்லை. (எர்ணாவூர்)

பதில்: தார் நீக்கும் திரவத்தை மென்மையான துணியில் நனைத்து, கறையின் மேல் சிறிது நேரம் வைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். கதவோர ரப்பர் பட்டையில் (பீடிங்) படாமல் பார்த்துக்கொண்டு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அதன் பிறகும் மஞ்சள் நிழல் தெரிந்தால் கறை கிளியர் கோட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையில் மட்டும் அதைச் செய்துகொள்ளுங்கள்.