கற்பனை யானையும் வயலுக்கு வரும் யானையும்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம். ஐந்து வயது மகன் முன்பள்ளியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தான். யானையும் எலியும் சிநேகிதர்களாகும் கதை. இப்போது அவனுக்கும் ஒரு யானைக் கூட்டாளி. சாப்பிடும்போது அதற்கும் ஒரு கோப்பை வைக்கவேண்டும். இரவில் வயலுக்கு வரும் யானையைக் கலைக்க வெடி போட்டால், “என்ரை யானையைக் கலைக்காதேங்கோ” என்று அழுகிறான். “பிள்ளைக்குப் பொய் பழக்காதே” என்கிறா அம்மம்மா. இப்படியான புத்தகங்களை நிறுத்தவேண்டுமா?

பதில்: நிறுத்தவேண்டாம். ஆனால் மகன் காட்டு யானைக்குக் கிட்டப் போய்விடுவானோ என்ற பயம் இருந்தால் அது நியாயமானது. இலங்கையில் 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் யானை-மனித மோதலில் இறந்திருக்கிறார்கள். ஆகவே விளையாட்டையும் காட்டு யானையையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கற்பனைக் கூட்டாளி பொய் அல்ல. கோப்பைக்கு முன்னால் யானை இல்லையென்று மகனுக்கு நன்றாகவே தெரியும். மார்ஜரி டெய்லர் குழுவினர் அமெரிக்காவில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 வீதமான பிள்ளைகளுக்கு ஏதோவொரு கட்டத்தில் இப்படி ஒரு தோழர் இருந்திருக்கிறார். இல்லாத ஒருவருக்குப் பசிக்கும், கோபம் வரும் என்று யோசித்துப் பார்ப்பது, மற்றவர் மனதை விளங்கிக்கொள்ள நல்ல பயிற்சி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மிருகங்கள் மனிதரைப்போலப் பேசி நடக்கும் புத்தகங்களைக் கேட்ட மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், உண்மையான மிருகங்களுக்கும் மனிதக் குணங்கள் உண்டென்று கூடுதலாக நம்பினார்கள். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கனேயா குழுவினர் 2014இல் காட்டியது இது. வெடிச்சத்தத்துக்கு மகன் அழுவது இதனாலும் இருக்கலாம்.

அதனால் காட்டு யானை பற்றிய விதியைக் கதைக்குள் வைத்துச் சொல்லாதீர்கள். பகலில், விளையாட்டு இல்லாத நேரத்தில், வழக்கமான குரலில் சொல்லுங்கள். வன்னிப் பெற்றோருக்கு இது புதிதில்லை. போர் விட்டுப்போன வெடிபொருள் போல ஏதும் கண்டால் தொடாதே, திரும்பி வா, பெரியாக்களிடம் சொல் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் பழக்கியிருக்கிறோம். யானைக்கும் அதே மூன்றுதான்: கிட்டப் போகாதே, திரும்பி வா, சொல். ஏன் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தின்னும் மிருகம் அது, நெல் அதற்கு நல்ல தீன், வயலில் இறங்குபவை பெரும்பாலும் ஆண் யானைகள். அது கெட்டதில்லை, பசியில் வருகிறது, கிட்டப் போனால் ஆபத்து. ஐந்து வயதில் இந்த மூன்றும் ஒன்றாக விளங்கும்.

அப்புறம், உண்மையான கூட்டுகளையும் காட்டுங்கள். முத்தையன்கட்டுக் குளப் பக்கம் போனால் எருமையோடு உண்ணிக்கொக்கு திரிவதைப் பார்க்கலாம். எருமையின் கால்பட்டுக் கிளம்பும் வெட்டுக்கிளியைக் கொக்கு பிடிக்கும். ஆனால் குளம்புக்கு விலகியே நடக்கும். “ஏன் விலகுது?” என்று மகனையே கேளுங்கள். சிநேகத்திலும் தூரம் உண்டென்று அவனே சொல்லுவான், நாம் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு உண்மைக் கதையும் இருக்கிறது. 2004 சுனாமியின்போது கென்யாக் கரையில் தனித்துப்போன நீர்யானைக் குட்டியொன்றை மொம்பாசாவில் ஒரு பூங்காவில் விட்டார்கள். அங்கிருந்த, 130 வயதிருக்கும் எனக் கருதப்பட்ட பெரிய ஆமையோடு அது ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே படுத்தது, பின்னாலேயே திரிந்தது. முல்லைத்தீவை அடித்ததும் அதே கடல்தான். அந்த அலையில் ஆட்களை இழந்த வீடென்றால் சுனாமியைச் சொல்லாமல் குட்டியையும் ஆமையையும் மட்டும் சொல்லலாம். அது உங்கள் முடிவு.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். “சாப்பிடாட்டி யானை கோபிக்கும்” என்று அந்த யானையை வைத்து மகனை மிரட்டவேண்டாம். அது அவனுடைய யானை, என்ன சொல்லும் என்பதை அவனே தீர்மானிக்கட்டும். மற்றப் பிள்ளைகளோடு விளையாடவே மறுத்தால், இரவில் தொடர்ந்து பயந்து எழும்பினால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள்.

கோப்பையை வையுங்கள், சோறு போடவேண்டாம். கற்பனைச் சோறு போதுமென்று மகன் உடனே ஒத்துக்கொள்வான். சாப்பாடு வீணாகவில்லையென்றால் அம்மம்மாவுக்கும் பாதி மனக்குறை தீரும். மீதிக்கு, யானை இண்டைக்கு என்ன சாப்பிட்டது என்று அவவையே பேரனிடம் கேட்கச் சொல்லுங்கள்.