பழைய வேட்டைத் துப்பாக்கியை இன்னும் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே?

இருக்கிறேன். என்னுடையது 1930களில் செய்த மவுசர் 98 வகை போல்ட் ரைஃபிள்; பின்பக்கத்துப் பூட்டுத் தண்டை, அதாவது போல்ட்டை, கையால் இழுத்துத் தள்ளித்தான் தோட்டா ஏற்ற வேண்டும். தோட்டாவின் அளவு 7×57. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர்தான் வேறு. விற்றவர் இதைச் சொல்லித்தான் என் தலையில் கட்டினார். ஆயிற்று, இருபத்திரண்டு வருடம்.

குறி தவறாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் புதியதையே வாங்குங்கள். பழையதற்கு முதலில் அதன் குணம் பிடிபட வேண்டும். எனக்கு மூன்று வருடம் ஆனது.

வெயில் காலத்தில் நூறு மீட்டரில் சொன்ன இடத்தில் அடிக்கும். மழை பிடித்தால் நாலு விரற்கடை இடப்பக்கம் விலகும். ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்வேன்; வெயில் வந்ததும் வலப்பக்கம் போகும். ஸ்கோப்பை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன், என் கண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், ஒரு வெள்ளைத் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுத்தார். நாலு விரல்தான் போயிருக்கும், வலப்பக்கம் சிக்கி நின்றது. வால்நட் கட்டை ஈரம் குடித்து உப்பி, குழலை இடப்பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது! அந்த இடத்தை மட்டும் இழைத்துவிட்டு, வெறும் மரமாகக் கிடந்த உட்பள்ளத்துக்கும் எண்ணெய் ஏற்றிக் கொடுத்தார். இப்போதும் முதல் மழைக்கு அப்புறம் ஒரு தாளை விட்டுப் பார்த்துவிடுவேன்.

இன்னொன்று முழுக்க என் தப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ராணுவத் தோட்டா வாங்கிச் சுட்டேன். வழக்கம்போல எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். நாலு நாள் கழித்துக் குழலுக்குள் துணியை விட்டால் செக்கச்செவேல் என்று வருகிறது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரில் அந்தக் காலத்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். உப்புதானே, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். துரு அரித்த குழிகள் இன்னும் இருக்கின்றன. குறி கெடவில்லை, ஆனால் சுத்தம் செய்ய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது.

பிறகு ஏன் விற்கவில்லை? அந்தக் கொக்கிக்காக. போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து தோட்டா எழும்பும்போதே அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலிக்கூடு வெளியே விழும்வரை விடாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னால் இழுத்தாலும், பிடித்த தோட்டாவையும் கூடவே இழுத்து வந்துவிடும். அடுத்த தோட்டா வந்து அதன் முதுகில் முட்டாது.

அதே கொக்கிக்காக ஒரு எச்சரிக்கை: ஒற்றைத் தோட்டாவைக் கையால் குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறைக்குள் போட்டு போல்ட்டை அறைந்து மூடாதீர்கள், கொக்கி உடையலாம். மேகசினில் வைத்தே ஏற்றுங்கள். உரிமம் இருக்கிறதே என்று வாங்கிய கையோடு சுடப் போய்விடவும் வேண்டாம். போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு அறையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுங்கள். தேய்ந்த துப்பாக்கியில் கூடு பிளந்தால் சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம்.